இழுக்கக் கூடாது

அக்டோபர் 14, ஞாயிறு

எரான் இன்றைக்கும் வரவில்லை.

இங்கே ஞாயிறு வேலை நாள். ஆய்வுக்கூடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, எட்டரை மணிக்கே யூத மதகுருக்களான ரபிகளின் மன்றத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். மூன்று நீதிபதிகளும் வந்தார்கள். என் வழக்காடி பத்யா வந்தார். எழுத்தர் வந்தார். தேநீர்கூட வந்தது. கணவன் மட்டும் வரவில்லை.

"முதுகு வலியாம்" என்றார் எழுத்தர்.

"போன தடவை பல்லு வலி" என்றார் பத்யா. "இப்படியே கீழ இறங்கினா அடுத்த தடவை முழங்கால்."

தலைமை நீதிபதி சிரிக்கவில்லை. இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அடுத்த தேதியைச் சொன்னார். மூன்று வருஷமாக இதுதான் நடக்கிறது.

நடப்பதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் பத்யா. தமிழில் எழுதுகிறேன். எரானின் வக்கீல் கையில் இது கிடைத்தாலும் கவலையில்லை, முறுக்குப் பிழிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். எபிரேய மொழியில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது, நீதிபதியும் நீதான், நாயும் நீதான். நான் எழுதும்போது யாருக்கு எவ்வளவு மரியாதை தோன்றுகிறதோ அதைப் போட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். யூத சட்டப்படி ஒரு கல்யாணம் முடிய வேண்டுமானால் கணவன் தன் சொந்த விருப்பத்தோடு, தன் கையால், மனைவியின் கையில் ஒரு சீட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கெட் என்று பெயர். எங்கள் விருதுநகர்க் கிறிஸ்தவர்களின் பைபிள் தமிழில் தள்ளுதற்சீட்டு. நீதிபதிகள் சொல்லிப் பார்க்கலாம், கண்டிக்கலாம், தண்டிக்கலாம். ஆனால் கொடுக்க வேண்டியவன் அவன்தான். அவன் கொடுக்கிற வரைக்கும் நான் எரானின் மனைவி. இடையில் வேறொருவரோடு வாழ்ந்து குழந்தை பிறந்தால் பழி அந்தக் குழந்தையின் தலையில் விழும். அது வளர்ந்து இந்தச் சமூகத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ள முடியாது, அதன் பிள்ளைகளாலும் முடியாது. எனக்கு முப்பத்தொன்பது வயது. இதைத் தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

ஆய்வுக்கூடத்துத் தக்காளி நாற்றுகளில் வெள்ளை ஈ. இரண்டு தட்டுகளை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்தால் கீழ்வீட்டு அவ்னேர் வாசலில் நிற்கிறார். என் சமையலறைத் தண்ணீர் அவர் வீட்டுக் கூரையில் சொட்டுகிறதாம். யூத சமையலறை என்பதால் எனக்கு இரண்டு தொட்டிகள், கறிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. ஒழுகுவது பால் தொட்டி. அவ்னேர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி இறந்து ஆறு வருஷம். தலையில் சின்னத் தொப்பியோடு தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு குழாயைத் திருகினார். அதற்கு முன்னால் வாசல் கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி என் செருப்பை முட்டுக் கொடுத்திருந்தார். இன்னொருவர் மனைவியோடு அந்நிய ஆண் மூடின கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது. சட்டம்.

திறந்த கதவு வழியாக மாடிப்படிப் பூனை உள்ளே வந்து, ஊறவைத்திருந்த மீனில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூனைமேல்தான்.

அக்டோபர் 19, வெள்ளி

வெள்ளி சாயங்காலம் தொடங்குகிற சபத் ஓய்வுநாளுக்கு முன்னால் எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமென்று ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா கூப்பிடுவாள்.

"என்னடி ஆச்சு? கையெழுத்துப் போட்டானா இல்லையா?"

"கையெழுத்து இல்லக்கா. சீட்டு. அவன் கையால குடுக்கணும்."

"என்ன சீட்டோ. பேசாம கெளம்பி இங்கிட்டு வந்துரு. நம்மூரு கோர்ட்ல ஒரு மனுவப் போட்டா அவனக் கேக்காமலே முடிச்சுருவாங்க. ஒனக்கு எதுக்கு இந்தத் தலையெழுத்து?"

"அது இங்க செல்லாதுக்கா."

"செல்லாட்டி என்ன? நீ என்ன அங்கயே பொறந்தவளா?"

நேரமாச்சுக்கா என்று போனை வைத்தேன். பிறக்கவில்லை. அதுதான் சிக்கலே. ஆராய்ச்சிக்காக இந்த யூத நாட்டுக்கு வந்தவள், ஒன்றரை வருஷம் உட்கார்ந்து படித்து, மூன்று ரபிகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தண்ணீரில் மூழ்கி எழுந்து, பூங்கோதையாக இருந்தவள் தமார் ஆனேன். எரானுக்காக மாறினேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், எரானும்தான். அவன் அடிக்கிறவன் இல்லை, கத்துகிறவனும் இல்லை. பிடிக்காத ஒன்று நடந்தால் மூன்று வாரம், நாலு வாரம் பேசமாட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான், நான் இருக்கிற பக்கம் மட்டும் பார்க்கமாட்டான். அந்த வீட்டில் எனக்கு என் குரலே மறந்துபோகும்போல இருந்தது. பிறகு எய்லாத் நகரத்துக்குப் போய்ச் சுற்றுலாப் பயணிகளைப் பாலைவனத்துக்கு ஜீப்பில் கூட்டிப் போகிற வேலையில் சேர்ந்துகொண்டான். அவன் போன பிறகும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் விளக்கேற்றுகிறேன். சட்டத்தை விட்டுவிடு என்று அக்கா சொல்கிறாள். எனக்கு விட வேண்டியது அவனை மட்டும்தான்.

அக்டோபர் 28, ஞாயிறு

பத்யாவின் காரின் பின்பெட்டியில் உதிரி டயர் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் யூத சட்டநூலின் தடித்த தொகுதிகள். நடுவில் மூலம், சுற்றிலும் உரை, உரைக்கு உரை. தள்ளுதற்சீட்டுக்கென்றே முழுசாக ஒரு தொகுதி. முன்பெல்லாம் பெண்கள் இதைத் தொட்டுப் படிப்பதே அபூர்வமாம். பத்யா ஐந்து பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே படித்துத் தேர்வெழுதி, அதே ரபிகள் முன்னால் நின்று வாதாடுகிறார். கார் ஓட்டத்தான் தெரியாது. இன்றைக்கு ஒரு குப்பைத்தொட்டியை இடித்தார்.

"ஆயிரத்து ஐந்நூறு வருஷமா இத்தனை அறிவாளிங்க உக்காந்து எழுதியிருக்காங்களே, குடுக்கமாட்டேன்னு ஒருத்தன் அடம்பிடிச்சா என்ன செய்யறதுன்னு ஒருத்தருக்கும் தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணாமலா இவ்வளவு எழுதினாங்க?"

"அப்ப வழி இருக்கா இல்லையா?"

"உன் புருஷனுக்கு எது இல்லாம இருக்க முடியாது?"

கேள்வி கேட்டால் கேள்விதான் வரும். இந்த அம்மாவிடம் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதிலை வாங்குவதற்குள் எனக்கு நரைத்துவிடும். யோசித்துப் பார்த்து, ஜீப் என்றேன். பத்யா குப்பைத்தொட்டியைச் சுற்றிக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டே, "அப்ப லைசென்ஸ்" என்றார்.

நவம்பர் 1, வியாழன்

பால் தொட்டி இன்னும் ஒழுகுகிறது. அவ்னேர் சரியாகத் திருகவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது, நானும் சொல்லவில்லை. மாவு புளிக்கவில்லை, தோசை ரப்பர்.

ராத்திரி பத்யா கூப்பிட்டார். மன்றம் உத்தரவு போட்டுவிட்டது. சீட்டுக் கொடுக்கிறவரை எரானின் ஓட்டுநர் உரிமம் முடக்கம். அவனுடைய வக்கீல் மாலைக்குள் போன் செய்து, அவனுக்கு முதுகு வலி தேவலை என்று சொன்னானாம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அக்கா தூங்கியிருப்பாள். கீழே போய் அவ்னேரிடம் சொன்னேன். வாசலிலேயே நின்றுதான் பேசினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நல்லது, ரொம்ப நல்லது" என்றார். உள்ளே போய் ஒரு தட்டில் திராட்சை கொண்டு வந்தார். தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 13, செவ்வாய்

சீட்டு எழுதுகிறவர் பெயர்களைச் சரிபார்க்க அழைத்திருந்தார். யாருக்காக எழுதுகிறார்களோ அவளை எந்தச் சந்தேகமும் இல்லாமல் அடையாளம் சொல்ல வேண்டும். அவளை யார் யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவை.

"தமார். அப்புறம்?"

"பூங்கோதை. சில பேர் கோதைன்னு கூப்பிடுவாங்க. அக்கா பாப்பான்னு."

"இப்பவுமா?"

"இப்பவும்."

பாப்பா என்பது பெயரா, கொஞ்சலா என்று அவரும் இன்னொரு தாடிக்காரரும் கால்மணி நேரம் வாதாடினார்கள். ஒருவர் தொகுதியை எடுத்துவந்தார். நான் ஈறு வலிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கொஞ்சல் என்று முடிவாயிற்று.

"தகப்பன் பெயர்?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே "ஆபிரகாம்" என்று குறித்துக்கொண்டார். மதம் மாறியவர்களுக்கெல்லாம் தகப்பன் ஆபிரகாம்தான்.

"எங்கப்பா பேரு சங்கரலிங்கம்."

"தெரியும்மா. ஆனா இதுல எழுத முடியாது."

மதம் மாறின அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்கள், அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. இன்றைக்கு அழுகை வந்துவிட்டது. விருதுநகர் தபால் நிலையத்தில் காலமெல்லாம் அடுத்தவர்கள் முகவரியைச் சரியாகப் படித்துச் சேர்த்த மனுஷர் அப்பா. அவர் மகளின் சீட்டில் அவர் பெயருக்கு இடமில்லை. கோபமாக இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் பிடித்தது. ஊரைக் குறிக்கும்போது அதன் தண்ணீரையும் சொல்லி எழுதுகிறார்கள். கடலோரத்தில் இருக்கிற, ஊற்றுகள் உள்ள ஊர் என்று. விருதுநகரில் எழுதினால் என்ன எழுதுவார்களோ. லாரித் தண்ணீர் வருகிற ஊர் என்று எழுதலாம்.

நவம்பர் 21, புதன்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

தாழ்வாரத்தில் பத்யா எனக்கு ஒத்திகை வைத்தார். கார் நிறுத்திய ரசீதுதான் சீட்டு. "ரெண்டு கையையும் சேத்து ஏந்து. கோயில்ல வாங்கற மாதிரின்னு சொல்லுவியே, அப்படி. அவன் போடணும். உன் கையில விழுந்த பிறகுதான் மூடணும். அவன் குடுக்கணும், நீ எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா? இழுக்கக் கூடாது." நாலு தடவை செய்து காட்டினேன். நாலு தடவையும் சரி.

எரான் வந்திருந்தான். உடம்பு கறுத்திருந்தது, நன்றாகத்தான் இருந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. இறகு, மை, தாள் எல்லாவற்றையும் எழுதுகிறவர் அவனுக்குத் தானமாகக் கொடுத்தார், அவன் வாங்கி, எனக்காக எழுதச் சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்தான். ரொம்ப நேரம் எழுதினார்கள். சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். வாசித்துப் பார்த்தார்கள். மோதிரம் இருந்தால் கழற்றச் சொன்னார்கள். என்றைக்கோ கழற்றியாயிற்று.

நான் கையேந்தி நின்றேன். எரான் சீட்டை என் கைக்கு மேலே பிடித்தான். சொல்ல வேண்டியதை எல்லாம் தலைமை நீதிபதி சொல்லச் சொல்லச் சொன்னான். பிறகு போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இனிமே உனக்கு யாரு, எந்தப் புள்ள? வயசாயிருச்சே" என்றான்.

அதற்குப் பிறகு எப்படி நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கை தானாக மூடிக்கொண்டது. சீட்டு என் கையில் இருந்தது.

"எடுத்துட்டா!" என்றார் ஒரு சாட்சி.

தலைமை நீதிபதி என் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டார். இது கொடுத்தது ஆகாது, மறுபடி கொடுக்கட்டும் என்றார். எரான் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான். "நான் கொடுக்க வந்தேன். அவ பிடுங்கினா. இனிமே என் கையால கொடுக்கமாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க." போய்விட்டான். சீட்டை எழுத்தர் உறையில் போட்டு அலமாரியில் வைத்தார்.

பத்யா பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே காருக்கு நடந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 22, வியாழன்

இந்தக் கையை வெட்டிப் போடலாம்போல இருக்கிறது.

நவம்பர் 25, ஞாயிறு

பத்யா வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு தொகுதி, ஒரு பெட்டி பிஸ்கட். சாப்பாட்டு மேசையில் தொகுதிகளைப் பரப்பிக்கொண்டு, சாட்சிகளிடம் பேசியதைச் சொன்னார். எடுத்துட்டா என்று கத்தினவர் இப்போது, தான் பார்த்தது என் கை மூடியதைத்தான், அவன் விரலைப் பார்க்கவில்லை என்கிறாராம். இன்னொருவர் அந்த நேரம் குனிந்து மூக்குச் சிந்திக்கொண்டிருந்தார்.

"அவன் விரல் முதல்ல திறந்து, சீட்டு உன் கையை நோக்கி விழ ஆரம்பிச்ச பிறகு நீ பிடிச்சிருந்தா, அது கொடுத்ததுதான்னு வாதாட எனக்கு இடம் இருக்கு" என்றார். "ஒரே ஒரு கேள்வி. அவன் விட்டானா?"

"ஞாபகமில்ல" என்றேன்.

பத்யா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கிக்கொண்டு, சரி, மனு போடுகிறேன் என்றார்.

நவம்பர் 26, திங்கள்

ஞாபகமிருக்கிறது.

டிசம்பர் 4, செவ்வாய்

ஹனுக்கா, யூதர்களின் விளக்குப் பண்டிகை. அடுக்குமாடியின் நுழைவாயிலில் எல்லாருமாகச் சேர்ந்து விளக்கேற்றினோம். அவ்னேர் பாடினார். கணக்கு வாத்தியார் பாடுகிற மாதிரிதான் பாடினார், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நிறுத்தம். மூன்றாம் மாடிப் பெண்ணின் கைக்குழந்தையை யாரோ அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அது அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது, அவர் பேசாமல் இழுக்கவிட்டுக்கொண்டு நின்றார். நான் தலை வலிக்கிறது என்று மேலே வந்துவிட்டேன்.

திராட்சைத் தட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது, எதையாவது வைத்துக் கொடுக்க வேண்டும். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதில்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

நாளைக்கு விசாரணை. நல்ல செய்தி என்று பத்யா சொன்னார், சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. எரானும் வருகிறானாம். அன்றைக்கே தன் விரலைத் திறந்து சீட்டை விட்டுவிட்டதாகச் சொல்லப்போகிறானாம். குளிர்காலம்தான் எய்லாத்தில் வெளிநாட்டுக் கூட்டம் வருகிற காலம், ஜீப்பை ஓட்ட முடியாமல் தவிக்கிறான். என் கையால் கொடுக்கமாட்டேன் என்று ஊரறியச் சொல்லியாயிற்று, இப்போது இறங்கி வந்து கொடுத்தால் மானம் போகும். கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டால் மானமும் பிழைக்கும், லைசென்ஸும் வரும்.

"உன்னை ஒருவேளை கேக்கமாட்டாங்க" என்றார் பத்யா. "கேட்டா?"

இந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அக்காவிடம் சொன்னேன்.

"அடி போடி. அவனே விட்டுட்டேன்னு சொல்றான், ஒனக்கு என்ன வலிக்குது? ஆமான்னு தலையாட்டிட்டு வருவியா!"

அக்கா சொல்வது நியாயம். மூன்று வருஷம் இவன் ஒருவன் என்னைக் கட்டிப்போட்டான், ஒரு தலையாட்டலில் முடிகிறது. ஆமாம் என்பது ஒரு சொல். யாருக்குத் தெரியப்போகிறது? அவனுக்குத் தெரியும், அவன் சொல்லமாட்டான். எனக்குத் தெரியும். ஒரு குழந்தை பிறந்து, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது, அந்தச் சீட்டு செல்லாது என்று தெரியும். அந்தக் குழந்தையின் அப்பா சபத்தன்று அதன் தலையில் கைவைத்து ஆசி சொல்லும்போது, பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குத் தெரியும். அந்த மனுஷர் ஒரு குழாயைத் திருக வந்தால்கூடக் கதவுக்குச் செருப்பு வைக்கிறவர்.

எந்தக் குழந்தை, எந்த மனுஷர் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்? இதை அடித்துவிட வேண்டும்.

டிசம்பர் 12, புதன்

அடிக்கவில்லை. இருக்கட்டும்.

காலை ஒன்பதுக்கு எல்லாரும் இருந்தார்கள். பத்யா அரைமணி நேரம் வாதாடினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எந்த நூற்றாண்டில் எந்த ஊரில் எந்த ரபி இப்படி விழுந்த சீட்டை ஏற்றுக்கொண்டார், யார் மறுத்தார், மறுத்தவருக்கு யார் பதில் சொன்னார் என்று புத்தகத்தைத் திறக்காமலே அடுக்கினார். இளைய நீதிபதி மறித்தார், பத்யா திருப்பிக் கொடுத்தார், தலைமை நீதிபதி இருமல் மிட்டாயைத் துப்பிவிட்டு நடுவில் புகுந்தார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் என்னை மறந்தே போனார்கள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. என் உயிர் போய்க்கொண்டிருந்தது, இவர்களுக்குத் திருவிழா.

பிறகு எரானைக் கேட்டார்கள்.

"விட்டுட்டேன்" என்றான். "விரலைத் திறந்தேன். அது விழறப்பதான் அவ பிடிச்சா. நான் மனசாரக் கொடுத்தேன்."

"அன்னைக்கு அவ பிடுங்கினாள்னு சொன்னீங்களே."

"கோவத்துல சொன்னேன். யோசிச்சுப் பாத்தா விட்டுட்டேன்."

சாட்சிகள் தெரியாது என்றார்கள். எழுத்தர் தட்டச்சு செய்தார். தலைமை நீதிபதி மற்ற இருவரோடும் குசுகுசுவென்று பேசினார். பத்யாவின் கை மேசைக்கடியில் என் முழங்காலைப் பிடித்திருந்தது. முடிந்துவிட்டது, என்னைக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்போது தலைமை நீதிபதி நிமிர்ந்தார்.

"தமார், நீ என்ன சொல்றே? அவர் விட்டாரா?"

எரான் என்னைப் பார்த்தான். தலையாட்டு என்று கண்ணால் சொன்னான். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை விரும்பியது அந்த ஒரு நிமிஷம்தான். அதனால்தானோ என்னவோ எனக்கு அருவருப்பாக இருந்தது.

"இல்லை" என்றேன். "விடல. இறுக்கிப் பிடிச்சிருந்தார். நான் இழுத்தேன்."

பத்யாவின் கை என் முழங்காலை விட்டுவிட்டது.

"பைத்தியமா உனக்கு?" என்று எரான் கத்தினான்.

எழுத்தர் தட்டுவதை நிறுத்திவிட்டார். மூன்று வருஷத்தை ஒரு வாக்கியத்தில் திரும்ப வாங்கிக்கொண்ட மடச்சி நான்தான். வாய் கசந்தது. அவ்வளவு கோபத்திலும், அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் தோன்றவில்லை.

தலைமை நீதிபதி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். மூடியபடியே, "எரான்" என்றார். "அவ சொல்றதை விடுங்க. நீங்க மனசாரக் கொடுத்தேன்னு சொன்னீங்க. அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"யாரும் கட்டாயப்படுத்தல?"

"இல்ல."

"அன்னைக்குக் கொடுக்கணும்கிற மனசு இருந்தது. இன்னைக்கும் இருக்கு?"

எரான் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கூரையைப் பார்த்தான். எரான் "இருக்கு" என்றான்.

நீதிபதி கண்ணைத் திறந்தார். "அப்ப நல்லதாப் போச்சு. நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவ ஒண்ணு சொல்றா, எங்களுக்குச் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு தடவை கொடுத்துடுங்க. ஒரு தடவை மனசாரக் கொடுத்தவருக்கு ரெண்டாவது தடவை என்ன கஷ்டம்? கஷ்டம்னா, முதல் தடவை கொடுத்தேன்னு எங்க முன்னால சொன்னது பொய்னு ஆயிடும். லைசென்ஸுக்காகச் சொன்ன பொய்."

பத்யா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

எழுத்தர் அலமாரியிலிருந்து உறையைக் கொண்டு வந்தார். எழுதிய பிறகு இருவரும் எங்கேயும் தனியாக இருந்தீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றோம். இருந்திருந்தால் அந்தச் சீட்டு ஆகாதாம். வேறு சாட்சிகளை அழைத்தார்கள், மூக்குச் சிந்தாதவர்களாக. நான் கையேந்தி நின்றேன். எரானின் காது சிவந்திருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னான். பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன் என்று தோன்றியது.

விழுந்தது. கனமே இல்லை.

மூடச் சொன்னார்கள், மூடினேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு அடி நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். நீ இனி எவருக்கும் மனைவியாகலாம் என்று தலைமை நீதிபதி சொன்னார். அதே மூச்சில், மூன்று மாதம் கழிந்த பிறகுதான் என்றும் சொன்னார். முதல் கணவனின் பிள்ளை எது, அடுத்தவரின் பிள்ளை எது என்று சந்தேகம் வரக் கூடாதாம்.

"நாங்க ஒரே ஊர்ல இருந்தே மூணு வருஷம் ஆச்சு!" என்றேன்.

"சட்டம்மா" என்றார். சீட்டின் ஓரத்தைக் கிழித்து மன்றத்துக்கு எடுத்துக்கொண்டார்.

பத்யா தாழ்வாரத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார், இன்னும் வலிக்கிறது.

டிசம்பர் 13, வியாழன்

நேற்று இரண்டு வரி எழுதாமல் விட்டேன். வீட்டுக்கு வரும்போது அவ்னேர் மாடிப்படியில் நின்று, ஈரம் பட்ட சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. கையில் பையோடு, மூச்சு வாங்க, காலையிலிருந்து சேர்ந்திருந்த எரிச்சலோடு அப்படியே சொல்லிவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சுது. ஆனா இன்னும் மூணு மாசம் காத்திருக்கணுமாம், என்ன அநியாயம் பாருங்க!"

"எதுக்கு?" என்றார்.

அப்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. இதைப் பற்றி நாங்கள் ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. குழாயைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பூனையைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாகப் புரிந்தது. சுண்ணாம்பு மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணே மாசம்தானா?" என்றார்.